வரைந்தால் இயங்கும்: விஷுவல் பேசிக்

1991இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஷுவல் பேசிக்கின் பெருமை, நிரல் எழுதும் வேலையின் வரிசையையே அது மாற்றியதுதான். அதுவரை விண்டோஸில் ஒரு வெற்றுச் சாளரம் திறக்கவே சி மொழியில் பல பத்து வரிகள் எழுத வேண்டியிருந்தது. இங்கோ முதலில் திரையை வரைகிறோம். பொத்தானை வைத்து இருமுறை சொடுக்கினால், அதை அழுத்தும்போது நடக்க வேண்டியதை எழுதும் இடம் திறக்கிறது. எஃப்5 விசையைத் தட்டினால் உடனே ஓடுகிறது. மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பரின் திரை வடிவமைப்புக் கருவியோடு பேசிக் மொழி சேர்ந்து பிறந்த அழகு இது.

கண்டியில் ஒரு பாமசிக்குப் பில் போடும் மென்பொருள் செய்வதென்றால், முதலாளியைப் பக்கத்தில் இருத்தி, அவர் சொல்லச் சொல்லத் திரையைத் திருத்தலாம். பயன்படுத்துபவரும் வடிவமைப்பில் பங்காளியாகிறார்.

குறையும் உண்டு. 1998இல் வந்த 6ஆம் பதிப்பில்கூட அதன் சொந்தப் பொத்தான்களும் பெட்டிகளும் யூனிகோடை ஏற்கவில்லை. சிங்களமும் தமிழும் புழங்கும் ஊருக்கு அது பெரிய குறை. தமிழுக்கு, யூனிகோடு அல்லாத பாமினி போன்ற எழுத்துருவை நாட வேண்டியிருந்தது. ஆனாலும், நிரல் எழுதுவதைச் சிறு கடைக்கும் எட்டச் செய்த இக்கருவியை நான் மனதார மதிக்கிறேன்.