ஹார்மோன் முடிந்து கீமோ என்னும் வரிசை

கேரளத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பெரியவர்கள் பலர், புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய பிறகுதான் கோவைக்கோ திருச்சூருக்கோ போகிறார்கள். "முதல்ல ஹார்மோன் ஊசி, அது கேக்கலைன்னா கீமோ" என்ற பேச்சோடு வீடு திரும்புகிறார்கள். ஒன்று தோற்றால் மற்றது என்னும் இந்த வரிசையை நான் ஏற்கவில்லை. கீமோ தோற்பதிலும் ஹார்மோனுக்குக் கை இருக்கிறது.

விரைகளை அகற்றினால் நோய் தணிகிறது என்று 1941-இல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஆனால் அட்ரினல் சுரப்பியும் ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோனைத் தருகிறது, கட்டியேகூடத் தயாரித்துக்கொள்கிறது. புற்றுச் செல்லில் அந்த ஹார்மோனைப் பற்றும் ஏற்பி தன் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டு சொற்பச் சுரப்பிலும் வேலையைத் தொடர்கிறது, பழுதான டிஎன்ஏவைச் சரிசெய்யவும் செல்லுக்கு உதவுகிறது. டோசிடாக்செல் செல்லின் நுண்குழல்களை இறுக்கி, அது பிரியாமல் தடுக்கும் கீமோ மருந்து. ஏற்பி உட்கருவுக்குப் போவதும் அந்த நுண்குழல்கள் வழியாகத்தான் என்பதால், கீமோ ஹார்மோன் செய்தியையும் மறிக்கிறது. ஏஆர்-வி7 என்னும் குட்டை ஏற்பிக்கோ ஹார்மோனும் வேண்டாம், அந்த வழியும் வேண்டாம்; ஆகவே அது கீமோவையும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

ஆய்வகம் சொல்வது இது. நோயாளிகளிடம் கதை அவ்வளவு நேராக இல்லை. ஏஆர்-வி7 இருந்தவர்களுக்கு அபிராடெரோன், என்சலூட்டமைடு என்னும் ஹார்மோன் தடுப்பு மருந்துகள் பலிக்கவில்லை என்று 2014-இல் காட்டிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவே, அவர்களில் பலருக்கு டோசிடாக்செல் போன்ற டாக்சேன் கீமோ பலித்ததை 2015-இல் பதிவு செய்தது. அந்த ஏற்பி இருக்கிறது என்பதற்காகக் கீமோவை மறுப்பது தவறு.

இரண்டையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுப்பதற்குச் சான்று வலுவானது. 790 பேரைக் கொண்ட சார்ட்டெட் ஆய்வில் (2015) ஹார்மோன் தடுப்பு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 44 மாதம். டோசிடாக்செலும் பெற்றவர்களுக்கு 57.6 மாதம். 2022-இல் வந்த ஆராசென்ஸ் ஆய்வு, இந்த இரண்டோடு டாரோலூட்டமைடு என்னும் ஹார்மோன் தடுப்பு மாத்திரையையும் சேர்த்தபோது இறப்பு மேலும் குறைந்ததைக் காட்டியது. ஆனால் சார்ட்டெட்டின் பிந்தைய கணக்கில், நோய் அதிகம் பரவியவர்களிடம்தான் பலன் தெளிவாக நின்றது. எலும்பில் ஓரிரு இடத்தில் மட்டும் நோய் உள்ள எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அதே ஆறு சுற்று டோசிடாக்செலை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு நுட்பம். ஆண் ஹார்மோன் அடங்கிய உடல் டோசிடாக்செலை வேகமாக வெளியேற்றுகிறது. ஆகவே ஹார்மோன் அடங்குமுன், ஹார்மோன் ஊசி போட்ட கையோடு கீமோ தொடங்கினால் மருந்து ரத்தத்தில் அதிகம் தங்கி, வெள்ளணுக்கள் கூடுதலாகச் சரியலாம். சில வாரம் பொறுப்பது நல்லது.

மூன்று மாதத்துக்கொரு ஹார்மோன் ஊசியைத் தவறவிடும் விவசாயிக்கு, ஒரே தடவையில் முடியும் விரை நீக்கம் இன்றும் நேர்மையான வழிதான். மனம் ஒப்பாதவரிடம் மட்டும் அதைத் திணிக்கக்கூடாது. 2024 முதல் கேரளத்துக் காருண்யா மருந்தகங்கள் புற்றுநோய் மருந்துகளை லாபமின்றி விற்பதால் செலவு சற்று இறங்கியிருக்கிறது, தொலைவு இறங்கவில்லை. வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு வருவது கீமோ ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், நோயாளி வீட்டில் இருக்கும்போது. அந்த வாரம் சித்தூர் தாலுகா மருத்துவமனையிலேயே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி கீமோ சீட்டில் எழுத வேண்டும். ராத்திரி 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திராமல் எங்கே போவது என்பதையும் அதே சீட்டில் தமிழில் எழுதித் தர வேண்டும்.