இழைத்தல்

பதினைந்து வருஷங்களுக்கு முன்பு ஒரு நாவலைப் பற்றி நான் எழுதிய ஒரு வாக்கியத்தை இந்தக் கட்டுரையில் வாபஸ் வாங்கிக்கொள்ளப் போகிறேன். விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இது வழக்கமில்லை. தீர்ப்புச் சொல்லியாகிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்பது போலத்தான் நாங்கள் நடந்துகொள்கிறோம்.

அது ஓர் இளைஞரின் முதல் நாவல். அரிசி ஆலைத் தொழிலாளர்களின் கதை. நெல் அவிப்பதையும், களத்தில் காயப் போடுவதையும், மூட்டை பிடிப்பதையும் பிசகில்லாமல் எழுதியிருந்தார். நான் எழுதினேன்: "கண்ணாடியில் விழும் பிம்பம் துல்லியமாகத்தான் இருக்கிறது, ஆனால் கண்ணாடி கலைஞன் அல்ல." இந்த வாக்கியத்தை ரஸித்து இரண்டு மூன்று நண்பர்கள் எனக்குக் கடிதம்கூட எழுதினார்கள். அந்த இளைஞர் அதற்குப் பிறகு நாவல் எழுதவில்லை. என் வாக்கியம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளும் கர்வம் எனக்கு இல்லை. காரணமே இல்லை என்று சொல்லும் தைரியமும் இல்லை.

அந்த வாக்கியம் என் சொந்தச் சரக்கும் அல்ல. பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஜோலாவிடமிருந்து இரவல் வாங்கியது. குஸ்தாவ் கைபோத் என்ற ஓவியர் 1875-ல் ஒரு படம் வரைந்தார். ஒரு பணக்கார வீட்டின் வெறும் அறையில் மூன்று தொழிலாளிகள் மண்டியிட்டு மரத்தரையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். ஸலோன் என்ற அரசாங்கக் கண்காட்சியின் நடுவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். வயலில் கதிர் பொறுக்கும் பெண்களை மில்லே 1857-லேயே வரைந்து காட்டியிருந்தார். கிராமத்து உழைப்பு படத்துக்குள் வந்துவிட்டது. பட்டணத்துக் கூலிக்காரன் சட்டையில்லாமல் வந்தபோதுதான் சங்கடமாகப் போயிற்று. மறு வருஷம், 1876-ல், இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயர் பெற்றவர்கள் தங்கள் இரண்டாவது கண்காட்சியில் அதை வைத்தார்கள். அதைப் பார்த்த ஜோலா, கண்ணாடியைப் போல அச்சு அசலாக இருப்பதாலேயே இது கலைக்கு விரோதமானது என்ற கருத்தில் எழுதினார். உழைப்பாளிகளைத் தம் நாவல்களுக்குள் கொண்டுவந்த ஜோலாவே அப்படிச் சொன்னார் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்? படத்தைப் பார்க்காமலே தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

படத்தைச் சென்ற வருஷம்தான் பாரிஸில் ஓர்ஸே மியூசியத்தில் பார்த்தேன். ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். பார்த்துவிட்டு, 'நன்றாகத்தான் இருக்கிறது' என்ற அளவில் வெளியே வந்துவிட்டேன். என்னைத் திருப்பி அனுப்பியது வேறொரு தரை.

நான் தங்கியிருந்தது புதுச்சேரிக்காரரான ஒரு நண்பர் வீட்டில். பழைய கட்டடம், ஓக் மரத்தரை. கூடத்தின் நடுவில் பலகைகள் கெட்டுப்போயிருந்தன. அவற்றை மாற்றும்போதே எட்டு முனை நட்சத்திரம் ஒன்றை மரத்தில் பதித்துவிட வேண்டும் என்று நண்பருடைய மனைவிக்கு ஆசை. அறுபது வயதிருக்கும் ஒரு தச்சர் வந்தார்.

"லேசரில் வெட்டின பூ கடையில் ரெடியாகக் கிடைக்கிறது, ஸார். வாங்கி ஒட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும். இவர் கேட்கமாட்டேன் என்கிறார்" என்று நண்பர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

தச்சரிடம் கேட்டோம். கடைப் பூவில் குற்றமில்லை, ஆனால் இந்தத் தரை பல தலைமுறை மிதித்துத் தேய்ந்தது, ஓரிடம் போல் ஓரிடம் இல்லை, இதற்குத் தக்கபடி இங்கேயே செய்வதுதான் சுலபம் என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். வெளிறிய மேப்பிள் மரமும் கறுத்த வால்நட் மரமும் சில நாள் முன்னதாகவே அந்த அறைக்கு வந்துவிட்டன. அறையின் ஈரத்துக்கு மரம் பழக வேண்டுமாம். மரம் ஈரம் பட்டால் அகலவாட்டில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாட்டில் அநேகமாக அசையாது. ஆகவே ரேகை ஒரு பக்கம் ஓடும் மரத்துக்குள் வேறு பக்கம் ஓடும் பெரிய துண்டைப் பதித்தால், குளிர்காலத்தில் வீட்டுக்குள் கணப்பு எரிந்து காற்று உலரும்போது இடைவெளி விடும், இல்லாவிட்டால் வெடிக்கும். நட்சத்திரத்தைச் சிறு சிறு துண்டுகளாகச் செய்வது அழகுக்காக மட்டும் அல்ல என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு முனையும் இரண்டு பாதி. ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு. துண்டுகளைச் சேர்த்து ஒட்டி முழு நட்சத்திரமாக்கினார். அதைத் தரைமேல் வைத்து, சுற்றிலும் கத்தியால் கோடு கீறினார். கோட்டுக்கு உள்ளே மின்கருவியால் குடைந்து, மூலைகளை உளியால் சீவிப் பள்ளம் செய்தார். கோட்டில் ஒரு மயிரிழை தப்பினால் அது கடைசிவரை தெரியும். பசை தடவி நட்சத்திரத்தை உள்ளே இறக்கியபோது அது தரையைவிட ஒரு நூல் உயரமாக நின்றது. வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருந்தார்.

அந்த ஒரு நூலைக் குறைப்பதில்தான் வேலையின் உயிர் இருந்தது. தேய்க்கும் இயந்திரம் அவரிடம் இருந்தது; தரையின் மற்ற இடங்களுக்கு அதைத்தான் உபயோகித்தார். நட்சத்திரத்தின் மேல் மட்டும் ஓட்டவில்லை. கறுப்பு மரத்தின் தூள் பக்கத்து வெள்ளை மரத்தின் ரேகைக்குள் புகுந்து அழுக்காக்கிவிடுமாம். உள்ளங்கை அகல எஃகுத் தகடு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துச் சுரண்டினார். தூளுக்குப் பதில் மெல்லிய சுருள்கள் வந்தன. முனைக்கு முனை ரேகை திரும்புகிறது. எதிர் ரேகையில் சுரண்டினால் மரம் பிய்ந்துவிடும். ஆகவே அவரும் மண்டியிட்டபடியே நட்சத்திரத்தைச் சுற்றி வந்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். என்னையும் தடவச் சொன்னார். எங்கே ஓக் முடிகிறது, எங்கே நட்சத்திரம் ஆரம்பிக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை.

தமிழில் 'இழைத்தல்' என்றொரு சொல் உண்டு. ரத்தினம் இழைத்த அட்டிகை என்றால் பதித்தது என்று அர்த்தம். பலகையை இழைத்தான் என்றால் சீவி வழவழப்பாக்கினான் என்று அர்த்தம். இரண்டு வேறு வேலைக்கு எதற்கு ஒரே சொல் என்று நான் யோசித்ததே இல்லை. அந்தக் கூடத்தில் யோசித்தேன். பதிப்பது பாதி வேலை. மேலே நிற்பதைச் சீவித் தரையோடு தரையாக்குவது மறு பாதி.

தரையில் செய்யும் அலங்காரத்துக்கு இதைவிட வேறு அளவுகோல் இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். வெர்ஸேல்ஸ் அரண்மனையிலேயே, சலவைக்கல்லைக் கழுவும் தண்ணீர் இறங்கி அடியிலிருந்த உத்திரங்கள் உளுத்துப்போனதால்தான் 1684-ல் மரத்தரை போட்டார்கள். தரை முதலில் தரையாக இருக்க வேண்டும். சாய்சதுரத் துண்டுகளை மூன்று நிற மரத்தில் வெட்டிச் சேர்த்து, பெட்டிகளை அடுக்கிவைத்தாற்போல் ஒரு தோற்றம் உண்டாக்குவார்கள். மகா சாமர்த்தியம். ஆனால் அதன்மேல் கால் வைக்க ஒரு கணம் தயங்குகிறோம். நடக்கிறவனைத் தயங்க வைக்கும் தரை யாருக்காக? பெட்டிகளிலும் மேஜைகளிலும், துண்டின் ஓரத்தைச் சூடான மணலில் செருகிக் கருக்கி, இதழுக்கு நிழல் காட்டுவது உண்டு. அங்கே அது அழகு. தரையிலோ வருஷக்கணக்கில் மிதிபட்டு, திரும்பத் திரும்பச் சுரண்டப்பட்டு அந்த நிழல் தேய்ந்துவிடும். நிறத்தையும் ரொம்ப நம்பக் கூடாது. வெளிச்சத்தில் வால்நட் வெளுக்கும், மேப்பிள் மஞ்சளாகும். இரண்டும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கும். அப்போது நட்சத்திரத்தைக் காப்பாற்றப் போவது ரேகைகளின் திசை ஒன்றுதான்.

மறுநாள் ஓர்ஸேக்குத் திரும்பப் போனேன். அந்தப் படத்தில் பூவும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. நேர்ப் பலகைத் தரைதான். ஆனால் இப்போது எனக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. சுரண்டிய பட்டைகள் வெளிறியும் சுரண்டாதவை மினுங்கியும் கிடக்கின்றன. சீவல் சுருள்கள் சிதறியிருக்கின்றன. நீட்டிய கைகள் பலகைகள் ஓடும் திசையிலேயே ஓடுகின்றன. பின்னால் இருக்கும் ஜன்னலின் வெளிச்சம் முதுகிலும் தரையிலும் ஒரே மாதிரி விழுகிறது. கைபோத் அந்த மூவரையும் தரைக்குள் இழைத்திருக்கிறார். இரண்டு பேர் தலையைச் சாய்த்து ஏதோ பேசிக்கொள்கிறார்கள். ஓரத்தில் ஒரு மது பாட்டிலும் கண்ணாடி டம்ளரும். அந்தப் பேச்சு எதைப் பற்றியோ, பாட்டில் எத்தனை மணிக்குக் காலியாகுமோ, ஓவியர் சொல்லவில்லை. இரக்கப்படு என்றும் சொல்லவில்லை.

வெறும் துல்லியம் கலை ஆகாது என்று ஜோலா சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். இந்தப் படத்தில் அவர் கண்டது வெறும் துல்லியம் அல்ல. மயிரிழை தப்பக் கூடாத ஒரு தொழிலைச் செய்கிறவர்களை, அந்தத் தொழிலின் சிரத்தையோடேயே வரைந்திருக்கிறார் ஒருவர். கோணலாக வரைந்திருந்தால் அவர்களுக்குச் செய்த அவமரியாதையாகியிருக்கும். அலங்காரம் ஒரு நூல் உயர்ந்து நின்றிருந்தால் ஜோலாவின் காலில் தட்டியிருக்கும். 'கலை' என்று சொல்லியிருப்பார். தட்டவில்லை. அதனால் இல்லை என்று நினைத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் அந்த அரிசி ஆலை நாவலைத் தேடி எடுத்துப் படித்தேன். நடுவில் ஓரிடம். களத்தைக் கூட்டும் ஒரு பெண் சிந்திய நெல்லை முந்தானையில் முடிந்துகொள்கிறாள். சாயந்திரம் வாசலில் கணக்குப்பிள்ளை அவளைச் சோதிக்கவில்லை. "போயிட்டு வா அம்மா" என்கிறார். அவள் திரும்பிப் போய் முடிச்சை அவிழ்த்து நெல்லைக் குவியலில் கொட்டிவிட்டு வருகிறாள். அடுத்த வரியில் மறுநாள் உலைக்குத் தீ மூட்டுகிறார்கள். விளக்கம் இல்லை, பெருமூச்சு இல்லை. பதினைந்து வருஷங்களுக்கு முன்பு இந்த இடத்தை மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். காலில் தட்டவில்லை என்பதால் ஒன்றுமே இல்லை என்று எழுதிவிட்டேன்.

அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. எழுத வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு அச்சில் வந்தது. திருத்தமும் அச்சில்தான் வர வேண்டும். அது நல்ல நாவல். நான் சரியாகப் படிக்கவில்லை.