‘மனுசங்கடா’ பாடிய குரல்: கே. ஏ. குணசேகரன் பற்றிய ஒரு நோக்கு

நாட்டார் பாடல் என்றவுடன் நம் மாணவர்க்கு நினைவில் எழுவது பரீட்சை வினாத்தாளே. நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளிற் பரண்மீதிருந்து காவல் செய்தோர் பாடிய கவிகளை நாம் வகைப்படுத்துகிறோம், மனனம் செய்கிறோம், பாடுவதில்லை. கற்றவன் ஒருவன் ஆய்வேட்டை மூடிவிட்டு அவற்றைப் பாடத் தொடங்கினால் யாது விளையும் என்பதை அறிய விரும்புவோர் தமிழகத்துக் கே. ஏ. குணசேகரனின் வாழ்வை நோக்குதல் வேண்டும்.

இளையான்குடியை அடுத்த மாரந்தையில் 1955 ஆம் ஆண்டு தலித் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். நாட்டாரியலிற் புலமை பெற்றுப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியரானார்; பின்னர் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2016 சனவரி 17 இல் மறைந்தார். பதவிகளைப் பற்றி இவ்வளவு போதும். ‘தன்னானே’ குழுவோடு ஊரூராகச் சென்று, இழிவின் அடையாளமாகக் கருதப்பட்ட பறையை மேடையின் நடுவே வைத்துப் பாடியவர் என்பதே இங்கு நமக்கு வேண்டியது.

அவருடைய பெயரோடு பிரிக்கவியலாது நிற்கும் ‘மனுசங்கடா’ அவர் எழுதியதன்று. கீழக்கரையிற் பிறந்த சாகுல் ஹமீது என்னும் கவிஞர் இன்குலாப்பின் ஆக்கம் அது. எனவே குணசேகரனை வெறும் பாடகர் என ஒதுக்குவாரும் உளர். இக்கருத்து ஏற்புடையதன்று. ‘மனுசங்கடா’ என்னும் சொல்லின் ஈற்றில் நிற்கும் ‘டா’வை நோக்குக. வாழ்நாள் முழுதும் மேலிருந்து கீழ்நோக்கி எறியப்பட்ட விளி அது. அதனையே எடுத்து, எறிந்தவன் முகத்தை நோக்கித் திருப்பி அனுப்புகிறது அப்பாட்டு. அச்சில் வாசிப்போன் இத்திருப்பத்தைக் கவனியாது கடந்துபோதலும் கூடும். அந்த விளியைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த ஒருவர் தொண்டை திறந்து பாடும்போதோ அது கடக்க முடியாததாகிவிடுகிறது. உருவம், உள்ளடக்கம் என்று ஓயாது விவாதிக்கும் நம் விமர்சகர் குரலையும் சிறிது கருத்திற் கொள்ளலாம்.

எழுத்தில் இக்குரல் முழுமையாக ஒலிப்பது 2005 இல் வெளிவந்த ‘வடு’ என்னும் தன்வரலாற்றிலேயாகும். தலித் அரங்கின் முன்னோடி ஆக்கமாகப் பேசப்படும் ‘பலி ஆடுகள்’ நாடகத்தில் மாந்தரைக் காட்டிலும் கருத்தே முந்திக்கொள்கிறது என்பது என் எண்ணம். ‘வடு’விலோ அவர் கதைசொல்லி. பேச்சு மொழியில், சிறு சிறு நினைவுகளாக, இடையிடையே சிரிப்போடு சொல்லிச் செல்கிறார். உதவிப்பணத்திற்காகப் பள்ளியிற் சாதிப்பெயர் சொல்லி அழைக்கப்பட்டதைக் கூறுமிடத்தும் அவர் குரல் உயர்வதில்லை. அதனாலேயே அது நம்மைச் சுடுகிறது. இளையான்குடி முஸ்லிம்களிடையே தாம் தீண்டாமையின் கொடுமையின்றிப் பழக முடிந்ததை அவர் நன்றியோடு பதிவுசெய்திருப்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

இப்பகுதியைப் படிக்கும் கல்முனை வாசகனுக்குப் பெருமிதம் உண்டாதல் இயல்பே. ஆயினும் அது சற்று அவசரமான பெருமிதம். ஒரே ஸப்பில் தோளோடு தோள் நின்று தொழும் நம் ஊர்களில், ஒஸ்தாமார் குடும்பங்களோடு பெண் கொடுத்து வாங்கத் தயங்கிய வழக்கம் மானிடவியலாளர் குறித்து வைக்கும் அளவிற்கு நிலைத்திருந்தது. சுன்னத்து வீட்டில் அவர்களின்றிக் காரியம் நடவாது. கலியாணப் பேச்சில் மட்டும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. நம் கவிகளிற் காதலும் பிரிவும் நிறைய உண்டு. மச்சானை ஏசும் துணிவும் உண்டு. இந்தத் தயக்கத்தைப் பாடிய கவி எதனையும் நான் படித்த பாடத்திட்டத்திற் காணவில்லை.

நாட்டார் கலையை மேடையேற்றினால் அதன் இயல்பு கெடும் என்பது குணசேகரனின் முயற்சிகளுக்கு எதிராக எழுப்பக்கூடிய ஒரு வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. வயலிற் பிறந்த மெட்டு ஒலிபெருக்கியின் முன் வேறொன்றாகிவிடுகிறது. பாடுவோர், கேட்போர் எனக் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. ஆனால் வயலே இயந்திரத்தின் கைக்குப் போய், பரணும் காவலும் அருகிவிட்ட பின்பு அம்மெட்டு எங்கே வாழும்? சேகரித்து அச்சிட்ட தொகுதிகள் சொற்களைக் காத்தன. பொல்லடியின் தாளமும் றபானின் ஓசையும் நூலகத் தட்டில் அடங்குவனவல்ல. குணசேகரன் பழைய மெட்டுக்குள் புதிய வழக்கொன்றைப் புகுத்தினார். மெட்டு அதனைத் தாங்கிற்று. நம் கடற்கரையின் கவியும் அவ்வாறு தாங்குமா என்பதை வகுப்பறையிலிருந்து தீர்மானித்தல் இயலாது. யாரேனும் பாடிப் பார்க்க வேண்டும்.