போற்றித் திருவகவலின் பத்து மாதங்கள்

திருவாசகத்தின் நான்காம் பகுதியான போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் கருப்பையில் இருக்கும் உயிரை மாதம் மாதமாக எண்ணிக்கொண்டு போகும் இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுதச் சொன்னால் பத்துக்கு எட்டு மாணவர்கள், 'இன்றைய அறிவியலை அன்றே சொன்னார்' என்றுதான் தொடங்குவாங்க. நானும் பல வருடம் அதற்குச் சரி போட்டவன்தான். இப்போது போடுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் மாதத்தையே பாருங்கள். தான்றிக்காய் அளவான கரு இரண்டாகப் பிளந்துபோகாமல் தப்பியது என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்கிறார்கள். உடனே, 'ஐயா, இது செல் பிரிதல்தானே?' என்று கேட்பாங்க. இல்லை. உயிரியலில் கருவுற்ற முட்டை ஏறக்குறைய ஒரு நாளில் இரண்டாகப் பிரியும். பிரிந்தால்தான் உயிர் வளரும். பாட்டிலோ பிளவு என்பது ஆபத்து. இரண்டும் எதிரெதிர்.

இன்னொன்று. கருவின் இதயம் சுமார் 22ஆம் நாள் துடிக்கத் தொடங்குகிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் முக்கிய உறுப்புகளுக்கு அடித்தளம் போட்டாகிவிடும். பிறகு நடப்பது பெரும்பாலும் வளர்ச்சியும் முதிர்ச்சியும். இந்தப் பகுதியில் இதயம் எங்கே, கை கால் எங்கே? ஒன்றுமே இல்லை. அடிதோறும் திரும்பி வருவது 'பிழைத்தும்' என்ற ஒரே சொல். இதைத் 'தவறு செய்தும்' என்று எழுதிய விடைத்தாள்களும் என்னிடம் உண்டு! இங்கே பிழைத்தல் என்றால் தப்புதல். 'தப்பு' என்ற சொல்லுக்கும் இதே இரட்டைப் பொருள் இருக்கே, அதைக் காட்டி விளக்கினால் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

அப்படியானால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தனி ஆபத்து எப்படி வந்தது? வாய்விட்டுப் படித்துப் பாருங்க. அஞ்சுக்கு முஞ்சுதல், எட்டுக்குக் கட்டம், ஒன்பதுக்குத் துன்பம். எதுகைதான் சொல்லை இழுத்து வருகிறது. எட்டாம் மாதக் கட்டத்துக்கும் ஒன்பதாம் மாதத் துன்பத்துக்கும் மருத்துவ வேறுபாடு தேடி உட்கார்ந்தால் நேரம்தான் வீணாகும். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு அடிகளும் எனக்குக் கொஞ்சம் மெலிவாகவே படுகின்றன.

ஆனால் பத்தாம் மாதம் அப்படியில்லை. தொடக்கத்தில் தாய் வெறும் வயிறாக, ஓர் இடமாக மட்டும் வருகிறாள். அடுத்த மாதங்களில் அவள் பேச்சே இல்லை. பிரசவம் நெருங்கும்போதுதான் தாயும் பிள்ளையும் சேர்ந்து ஒரே துக்கக் கடலில் தத்தளிக்கிறார்கள். அதுவரை தனியாகத் தப்பித்து வந்த உயிருக்கு அங்கேதான் ஒரு துணை கிடைக்கிறது. இந்தப் பகுதியிலேயே என்னை அசைத்த இடம் இதுதான். விடைத்தாளில் இதைத் தொட்டு எழுதுபவர்கள் மிகக் குறைவு.

பிறந்த பிறகும் பட்டியல் நிற்பதில்லை. பசி, தூக்கம், செல்வம், வறுமை எல்லாவற்றிலிருந்தும் அதே 'பிழைத்தும்'தான். கல்வியும் அந்த வரிசையில் இருக்கிறது (தேர்வு எழுதப் போகிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்). இத்தனையையும் தாண்டிய பிறகுதான் தெய்வம் பற்றிய நினைப்பே மனத்தில் முளைக்கிறது. கருப்பை மாதங்கள் அந்த நீண்ட ஓட்டத்தின் முதல் பகுதி. அவற்றை மட்டும் வெட்டியெடுத்து அறிவியல் பெட்டியில் போட்டால், எதற்காக இத்தனை 'பிழைத்தும்' என்ற கேள்விக்கு விடை எழுத முடியாது.