ஈக்வினாக்ஸ் 800: காயிலுக்கு ஏற்ற அமைப்பு

மைன்லேப் நிறுவனம் 2018இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஈக்வினாக்ஸ் 800 என்னும் உலோகம் கண்டறியும் கருவிக்கு, அந்நிறுவனமே மூன்று அளவுகளில் தேடு சுருள்களை, அதாவது பயன்படுத்துவோர் பேச்சில் காயில்களை, அளிக்கிறது: கருவியுடன் வரும் 11 அங்குல வட்டக் காயில், தனியே வாங்க வேண்டிய 6 அங்குலச் சிறு காயில், 15க்கு 12 அங்குல நீள்வட்டக் காயில். ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டுவது எளிய வேலைதான். ஆனால் காயில் மாறினாலும் உணர்திறன் முதலிய அமைப்புகள் பழையபடியே நிற்பதால், பெரிய காயில் கத்துகிறது, சிறிய காயில் ஆழம் போதவில்லை என்று எழும் குறைகளில் கணிசமான பங்கு காயிலைச் சேர்ந்ததன்று, அதற்குப் பொருந்தாமல் விடப்பட்ட அமைப்பைச் சேர்ந்தது. இத்தகைய கருவிகள் மிகுதியாகப் புழங்கும் களங்களுள் ஒன்றான இங்கிலாந்தின் உழவு நிலத்தை, அதாவது ரோமானிய, இடைக்காலச் சிறுகாசுகள் இரும்பாணிகளோடு கலந்து கிடக்கும் நிலத்தை, அளவுகோலாகக் கொண்டு இம்மூன்றையும் மதிப்பிடுவது பொருத்தமாகும்.

காயிலின் அளவு எதை மாற்றுகிறது என்பதைக் காந்தப்புலத்தின் எளிய கணக்கே காட்டிவிடும். ஒரே மின்னோட்டம், ஒரே சுற்று எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டால், வட்டச் சுருளின் மையத்துக்கு நேர்கீழே ஏறக்குறைய 7 செ.மீ. ஆழம் வரை 6 அங்குலச் சுருளின் புலமே 11 அங்குலத்தினுடையதைவிட வலிமையானது. அதற்குக் கீழே நிலை தலைகீழாகி, 15 செ.மீ. ஆழத்தில் பெரிய சுருளின் புலம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. சுருளின் ஆரத்தைப் பெரிதும் தாண்டிய ஆழத்திலோ, கீழிறங்கும் புலம் தொலைவின் மும்மடிக்கேற்பத் தேய, காசிலிருந்து மேலேறும் புலமும் அவ்வாறே தேய்வதால், ஆழம் இரட்டித்தால் சமிக்ஞை 64இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இதன் மறுபக்கம் பலர் எண்ணிப் பார்க்காதது: கருவி சமிக்ஞையைப் பெருக்கும் அளவை இரு மடங்காக்கினாலும் கிடைக்கும் கூடுதல் ஆழம், இரைச்சலே இல்லாத நிலையிலும், 12 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும்.

ஆகவே அப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும், 1 முதல் 25 வரை செல்லும் உணர்திறன் எண்ணை உச்சியில் வைப்பது ஆழத்துக்கான வழியன்று. பெரிய காயில் ஒரே வீச்சில் மிகுதியான மண்ணைப் பார்க்கிறது. மண்ணிலுள்ள இரும்புத் தாதுக்களின் எதிர்வினையும், மின்கம்பிகளும் மின்வேலிகளும் பரப்பும் குறுக்கீடும் அதனோடு உள்ளே வருகின்றன. பரப்பளவில் 11 அங்குலக் காயில் சிறியதைப்போல் மூன்று மடங்குக்கு மேல், நீள்வட்டக் காயில் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பதை நினைத்தால், குறுக்கீட்டை அவை வாங்கும் அளவு வியப்பளிக்காது. கரகரக்கும் ஒலிபெருக்கியில் ஒலியளவைக் கூட்டினால் கரகரப்பும் கூடுவதைப் போலவே, நீள்வட்டக் காயிலில் உணர்திறனை 23க்கு ஏற்றினால் உலோகமில்லாத இடத்திலும் துண்டுத் துண்டான ஒலிகள் எழுந்து, ஆழத்துக் காசின் மெல்லிய ஒலி அவற்றுள் மறைந்துபோகிறது. அதனை 17க்கும் 19க்கும் இடையில் அமைதியாக ஓட்டுவதே பலன் தருகிறது. 11 அங்குலத்துக்கு ஆலை அமைப்பான 20 போதுமானது. சிறு காயிலோ 23 வரை முணுமுணுப்பின்றித் தாங்குகிறது. பெரிய காயிலுக்குப் பெரிய எண் என்னும் பரவலான வழக்கம் நேர்மாறானது.



உணர்திறனைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டியவை இரண்டு, அவற்றின் வரிசையும் முக்கியமானது. முதலாவது இரைச்சல் நீக்கம். காயிலை அசைக்காமல் பிடித்திருக்க, கருவி தன் அலைவரிசைத் தடங்களைச் சில நொடிகளில் ஆராய்ந்து குறுக்கீடு குறைந்த ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. இரண்டாவது மண் சமன், அதாவது தாதுக்களின் எதிர்வினையைக் கழித்துவிடும் அமைப்பு. உலோகமற்ற இடத்தில் பொத்தானை அழுத்தியபடி காயிலைத் தரைக்கு மேலே ஏற்றியிறக்க, மண்ணின் ஒலி படிப்படியாகத் தணிகிறது. இவ்விரண்டையும் காயில் மாறும்போதெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். சிறு காயிலில் மண் சமனை விட்டுவிட்டாலும் பெரும்பாலும் ஓட்டிவிடலாம். நீள்வட்டத்தில் அது மன்னிக்கப்படுவதில்லை.

நுட்பமான பொருத்தம் தேவைப்படுவது மீட்பு வேகத்தில்தான். ஒரு பொருளுக்கு ஒலித்த பின் அடுத்ததற்கு ஒலிக்கக் கருவி எவ்வளவு விரைவில் ஆயத்தமாகிறது என்பதைக் குறிக்கும் இவ்வெண் 800இல் 1 முதல் 8 வரை செல்கிறது. எண் கூடக் கூட நெருங்கிய பொருள்கள் பிரிந்து ஒலிக்கும், ஆழம் சற்றே குறையும். மூன்று காயில்களும் டிடி வகையைச் சேர்ந்தவை. அனுப்பும் சுருளும் வாங்கும் சுருளும் நடுவில் ஒன்றன்மேலொன்று படிவதால், கூர்மையான உணர்வு முன்னிருந்து பின்னாக ஓடும் ஒரு பட்டையில் அமைகிறது. சிறு காயிலின் பட்டை குறுகியதாகவும் குட்டையாகவும் இருப்பதால், ஆணியையும் அதற்கு விரற்கடை தள்ளிக் கிடக்கும் வெள்ளிப் பென்னியையும் காயிலின் வடிவமே பிரித்துவிடுகிறது. அதன்மேல் மீட்பு வேகத்தை 8 ஆக்கினால் ஒலி சொடுக்குப்போல் சுருங்கி, காசா தகரமா என்று செவிக்குத் தெரியாமல் போகிறது. 5 அல்லது 6 போதும். குப்பை நிலத்தில் 7 தேவைப்படுவது 11 அங்குலத்துக்கே. நீள்வட்டம் திறந்த புல்வெளியில் 4இல் மெதுவாக வீசப்படும்போது நன்கு நடந்துகொள்கிறது. ஆணிகள் செறிந்த பழங்குடியிருப்பு மண்ணில் எந்த எண்ணும் அதைக் காப்பாற்றவில்லை, ஏனெனில் மூன்று நான்கு ஆணிகளும் ஒரு காசும் அதன் அடியில் ஒரே பொருளாகிவிடுகின்றன.

இரும்புச் சாய்வு என்னும் அமைப்பு, இரும்பும் பிறவுலோகமும் கலந்த சமிக்ஞையை இரும்பென்றே தள்ளிவிடும் போக்கை 0 முதல் 9 வரை வகுக்கிறது. சிறு காயிலில் இதை 2க்குக் கீழே இறக்கலாம். வளைந்த ஆணிகள் சில வேளை காசுபோல் ஒலித்து ஏமாற்றினாலும், காயிலை 90 பாகை திருப்பி மறுமுறை வீசினால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நீள்வட்டக் காயிலின் விளம்பரக் கவர்ச்சி ஆழம். இங்கிலாந்தில் அந்த ஆழத்துக்குப் பயன் குறைவு. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான பொறுப்பான தேடலின் நடத்தை நெறி, உழவு நிலத்தில் ஏர் படும் ஆழத்துக்குள் நிற்குமாறு கேட்கிறது. அதற்குக் கீழுள்ள கலையாத அடுக்கு தொல்லியலாளருக்குரியது, அங்கே ஒலி கேட்டால் தோண்டாமல் தெரிவிப்பதே முறை. எனவே இக்காயிலை ஆழக் காயிலாக அன்றி, பெருநிலத்தை விரைந்து அளந்து, ஒலிகள் செறியும் இடத்தைக் கண்டுகொள்ளும் பரப்புக் காயிலாகவே மதிப்பிட வேண்டும். அவ்வகையில் அது நேர்மையான கருவி. ஆனால் 11 அங்குலக் காயிலுடன் 1.34 கிலோ எடையுள்ள கருவியின் முன்பாரம் இதனால் கூடுவதால், நீண்ட வேளை வீசினால் தோளும் முழங்கையும் நோகின்றன. இடுப்பளவு கடல்நீரில் அதை இழுப்பது வீண் பாடு. ஈர உப்புமணலில் மணலே மின்கடத்தியாகிவிடுவதால், அங்கு 11 அங்குலத்தையும் கருவியிலுள்ள கடற்கரை அமைப்பையும் தாண்டி வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது காயில் வாங்க எண்ணுவோர் ஆழத்தை நாடி நீள்வட்டத்தை எடுப்பதைவிட, பலரும் வீசித் தீர்ந்துவிட்டதென்று கைவிட்ட ஆணி நிலங்களுக்காக 6 அங்குலத்தை எடுப்பதே செலவுக்குத் தகும். 800இல் உள்ள பயனர் பொத்தானில் ஓர் அமைப்புத் தொகுதியைச் சேமிக்கலாம். அந்த இடத்தைச் சிறு காயிலின் எண்களுக்கு ஒதுக்கிவைத்தால், வயலோரத்தில் காயில் மாற்றும்போது மீட்பு வேகம் முதலியவற்றை ஒவ்வொன்றாகத் தேடும் வேலை குறையும்.