மேளம் என்றால் எந்த மேளம்?

"உங்கட ஊரில சங்கீதம் எண்டு சொல்ல என்ன இருக்கு, தம்பி? செண்டையும் சினிமாப் பாட்டும்தானே?"

கேட்டவர் என் சம்பந்தியின் அண்ணன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடத்துக்கு மேல் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை மாஸ்டர் என்கிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். கெட்ட எண்ணத்தில் அவர் கேட்கவில்லை. அளவெட்டிப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் பூங்காவனத் திருவிழா. மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். மேளம் தொடங்க நேரம் இருந்தது, பேச்சு அப்படிப் போனது. "அப்படி இல்லைங்க மாஸ்டர்" என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. எருத்தேன்பதிக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. அந்த மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், சித்தூர் தாலுகா. பாலக்காடு என்றதும் பச்சை வயலை நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வந்தால் திகைப்பார்கள். மழை குறைந்த நிலம். தென்னை, பனை, நிலக்கடலை. வீட்டிலும் தெருவிலும் கொங்குத் தமிழ், அரசாங்கக் காகிதத்தில் மலையாளம். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோது நாங்கள் கேரளத்துத் தமிழர் ஆனோம். கோயமுத்தூர் போனால் மலையாளி என்பார்கள், மேற்கே போனால் பாண்டி என்பார்கள். பாண்டி என்று கூப்பிடுவது மரியாதைக்கு அல்ல. ஆனால் செண்டையில் மிகப் பெரிய மேளங்களில் ஒன்றின் பெயரே பாண்டி மேளம். அதைக் கேட்க மேற்கத்தி ஜனம் வெயிலில் மணிக்கணக்காக நிற்கும். எங்களைத் தள்ளி வைக்கும் சொல்லும் அந்த மேளத்தின் பெயரும் ஒரே ஒலியாக இருப்பது சின்ன வயதிலிருந்து என்னை உறுத்திய விஷயம்.

மேளம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் மேளம் என்றால் நாதஸ்வரமும் தவிலும். திருவிழாவுக்கு இத்தனை கூட்டம் மேளம் என்று கணக்குச் சொல்வார்கள். பாலக்காட்டு மலையாளத்தில் மேளம் என்றால் செண்டை. செண்டை வரிசை, இலைத்தாளம், கொம்பு, குழல் எல்லாம் சேர்ந்த கூட்டம். எருத்தேன்பதியில் "மேளம் வந்தாச்சா?" என்று ஒருவர் கேட்டால், "எந்த மேளமுங்க?" என்று திருப்பிக் கேட்போம். கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரமாக இருக்கலாம், மாரியம்மனுக்கு வந்த தப்பட்டையும் உருமியுமாக இருக்கலாம், பகவதி கோயில் வேலைத் திருவிழாவுக்கு வந்த செண்டையாக இருக்கலாம். ஒரே சித்திரை மாதத்தில் மூன்றும் வரும். மாஸ்டருக்கு இந்தத் திருப்பிக் கேட்கும் கேள்வி தேவைப்பட்டதே இல்லை.

பறையும் அப்படித்தான். அவர்களுக்கு அது தோல்கருவி. எங்களுக்குத் தோல்கருவியும் உண்டு, நெல் அளக்கும் மரப்பாத்திரமும் உண்டு. பகவதி கோயிலில் பறை வைப்பது என்றால் நெல் நிறைத்து நேர்ச்சை செலுத்துவது. கேட்கத் தெரிந்த ஆளைத் தமிழ்நாட்டில் ரசிகர் என்கிறோம். இலங்கையில் சுவைஞர் என்று அழகாக எழுதுகிறார்கள். மலையாளத்தில் ஆஸ்வாதகன். ஆனால் பேச்சில் அவர்கள் சொல்வது மேளக்கம்பக்காரன். கம்பம் என்றால் அடங்காத ஆசை. எங்கள் மாரியம்மன் கோயிலிலோ கம்பம் என்றால் நட்டு வைத்த முக்கிளை மரம். இரவெல்லாம் அதைச் சுற்றித்தான் ஆடுவோம். இந்த இரண்டு கம்பமும் என் மனதில் பிரிந்ததே இல்லை.

மாஸ்டர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அங்கே சங்கீதம் ஒரு பாடம். அழகியல் என்ற தலைப்பில் பள்ளியிலேயே கர்நாடக சங்கீதம், கீழைத்தேய சங்கீதம், மேலைத்தேய சங்கீதம் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். நாம் வெஸ்டர்ன் என்று அவசரமாகச் சொல்வதை மேலைத்தேயம் என்று அவர்கள் நிதானமாகச் சொல்லும்போது ஒரு மரியாதை வந்துவிடுகிறது. பள்ளிக்கு வெளியே 1931-ல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை இருக்கிறது. பிள்ளைகள் தரம் தரமாகப் பரீட்சை எழுதிக் கடைசியில் கலாவித்தகர் பட்டம் வாங்குகிறார்கள். மருதனார்மடத்தில் 1960-ல் இராமநாதன் பெயரால் ஓர் இசைக் கழகம் தொடங்கினார்கள். மகாராஜபுரம் சந்தானம் அங்கே தலைமை ஏற்றுக் கற்பித்திருக்கிறார். 1975-ல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த விபுலானந்த அடிகள் பழைய யாழின் கணக்கைத் தேடிப் பல வருடம் உழைத்து எழுதிய யாழ் நூல் 1947-ல் நம் திருக்கொள்ளம்பூதூரில்தான் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அந்த நாட்டவர் இசையைப் படிப்பாக எடுத்துக்கொண்டதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அன்று இரவு கோயிலில் அதைக் கண்ணால் பார்த்தேன். நாதஸ்வரக்காரர் நாலு சுரம் ஊதியதும் எனக்கு முன்னால் இருந்த ஒரு பையன், பதினான்கு வயது இருக்கும், தன் தங்கையிடம் இராகத்தின் பெயரைச் சொன்னான். பந்தயத்துக்குச் சொன்னதல்ல. பக்கத்து வீட்டு ஆள் வருகிறார் என்று சொல்வதுபோலச் சொன்னான். தவில் தனியாக வாசிக்கத் தொடங்கியபோது கூட்டம் பேச்சை நிறுத்தியது. அளவெட்டி என்றால் தெட்சணாமூர்த்தியின் ஊர். 1975-ல் மறைந்த அந்தத் தவில் வித்துவானைத் தஞ்சாவூர்ப் பக்கத்து நாதஸ்வரக்காரர்களே தேடி அழைத்து வாசிக்க வைத்தார்கள். அங்கே சின்னப் பிள்ளைகளும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. எழுபதுகளில் எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியின் முள் இலங்கையில்தான் நின்றது. 1952-ல் ஆகாசவாணி சினிமாப் பாட்டை வேண்டாம் என்று ஒதுக்கிய காலத்தில் கொழும்பு அதை வாரிக் கொடுத்தது. 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் எங்கள் பக்கத்தில் அந்தப் பழக்கம் போகவில்லை. பொங்கும் பூம்புனல் கேட்டபடிதான் பல் விளக்குவோம். படம் இன்னது, பாட்டு எழுதியவர் இன்னார், இசை இன்னார், குரல் இன்னார் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சொல்வார்கள். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் தமிழைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒரு பாட்டைப் பெயர்களோடு சேர்த்துக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டுக்கு அந்தப் பெட்டி வழியாக வந்தது. சிலோன் மனோகர் போன்றவர்கள் பாடிய பொப் இசையையும் அந்தத் தீவிலிருந்துதான் கேட்டோம். போர்த்துக்கீசர் விட்டுப்போன பைலாத் தாளத்தில் தமிழ் அத்தனை எளிதாக உட்காரும் என்று இங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இனி எங்கள் கதை.

எருத்தேன்பதிப் பிள்ளைக்கு இசையைப் பிரித்துக் காட்ட ஆள் கிடையாது. அவன் காது கூட்டத்தில் வளர்கிறது. ஐந்து வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பஞ்சாரி மேளம் கேட்டேன். தொண்ணூற்றாறு அட்சரத்தில் முதல் காலம். யானை நடப்பதுபோல நகரும், ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பிறகு 48, 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு காலமும் முன்னதில் பாதி. இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் கையை மேலே வீசி வீசித் தாளம் பிடித்தார்கள், நானும் வீசினேன். முதல் காலத்தில் என் கை தப்பும். ஆறில் வந்து சேர்ந்துவிடும். பத்து வயதில் பன்னிரண்டிலேயே சேர்ந்தது. முதல் காலத்திலேயே சேர்ந்தபோது எனக்குக் கல்யாண வயது. ஒரு பரீட்சையும் எழுதாமல், ஒரு மேளத்தில் இத்தனை வருடம் மெல்ல மெல்ல உள்ளே போவதற்கு எங்கள் ஊரில் இடம் இருக்கிறது.

அதே வருடங்களில் மாரியம்மன் கம்பத்தைச் சுற்றி ஆடவும் கற்றேன். தப்பட்டை கேட்கும்போது கை மேலே போகாது. கால்தான் முதலில் அசையும். உடுக்கை அடித்துக்கொண்டு அண்ணன்மார் கதை பாடுபவர் வந்தால் காலும் நிற்கும், தொண்டை அடைக்கும். எந்த இசைக்கு உடம்பின் எந்த இடத்தால் கேட்க வேண்டும் என்பதை எல்லை ஊர்க்காரன் அறிவான். பாடமாக வைத்துச் சொல்லித்தர முடியாத அறிவு அது.

சித்தூரில் கும்ப மாதம் கொங்கன் படை நடக்கும். படையெடுத்து வந்த கொங்கு மன்னனைப் பகவதி துரத்திய கதை. கொங்குத் தமிழ் பேசும் நாங்கள் குடும்பத்தோடு அதைப் பார்க்கப் போகிறோம். தோற்ற பக்கம் எங்கள் பக்கம் என்று அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். "கொட்டு நல்லா இருக்குது, கேளுடா" என்றார். இதை மாஸ்டரிடம் எப்படி விளக்குவது? பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் தோல்பாவைக்கூத்துப் புலவர்கள் இரவெல்லாம் பாடுவது கம்பனை. மலையாள நாட்டு அம்மன் தமிழ்ப் பாட்டு கேட்கிறாள். சொந்தமாக என்ன இருக்கிறது என்றால் இதைத்தான் காட்ட வேண்டும்.

சாஸ்திரிய சங்கீதத்தைச் சொன்னால் கோட்டாயியைச் சேர்ந்த செம்பை வைத்தியநாத பாகவதரையும் பாலக்காடு மணி ஐயரையும் எடுத்து வைக்கலாம். மஞ்சப்பிரையில் பிறந்த எம்.டி.ராமநாதனை நான் முதலில் வைப்பேன். அத்தனை மெதுவாகப் பாடிய ஒரு குரலைப் பலர் பொறுக்க மாட்டார்கள். பஞ்சாரியின் முதல் காலத்தில் நின்று பழகியவனுக்கு அந்த மெதுவில் அலுப்பு இல்லை. அவரை நான் புரிந்துகொண்ட வழி அது.

அட்டப்பாடி நஞ்சியம்மாவையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஐயப்பனும் கோஷியும் படத்தில் இருளர் மொழியில் தானே கட்டிப் பாடிய பாட்டுக்காக 2022-ல் அவருக்குத் தேசிய விருது அறிவித்தார்கள். சுருதி சேர்த்துப் பாடத் தெரியாதவருக்கு இந்த விருதா என்று கேரளத்து இசைக்காரர் ஒருவரே கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமான கேள்வி. பூங்காவனத்து மணலில் எனக்கு வந்ததும் அதன் தம்பிதான். எங்கள் காதுக்கு இருளர் மொழி பாதி முதல் கேட்பிலேயே புரிந்தது, மீதியைக் குரல் சொன்னது. ஆடு மேய்க்கும் மலையில் பிறந்த பாட்டை எந்தப் பெட்டியின் சுருதியில் வைத்து அளப்பது? 2025-ல் திருவனந்தபுரத்தில் நடந்த பள்ளிக் கலோற்சவத்தில் இருளர் ஆட்டமும், இடுக்கி எல்லையின் மலப்புலயர் ஆட்டமும் பளியர் ஆட்டமும் முதன்முறை போட்டியில் சேர்ந்தன. நடுவர்கள் மதிப்பெண் போடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். அந்தப் படிப்பு நல்ல படிப்பு.

எங்கள் பக்கத்துக் குறையை மறைக்கவில்லை. அம்மனை எழுப்பும் தப்பட்டைக்காரருக்குப் பந்தியில் இடம் தராமல் தள்ளி நிறுத்திச் சோறு போட்ட ஊர்தான் இதுவும். இன்ன சாதிக்காரர்தான் கோயிலில் செண்டை கொட்டலாம் என்ற வழக்கம் மேற்கே நெடுங்காலம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் மாஸ்டரின் பேச்சிலும் பறை ஒருமுறைகூட வரவில்லை. நான் கேட்டபோது "அது செத்த வீட்டுக்கு" என்று முடித்துக்கொண்டார்.

அவர் விட்ட இடத்தை மலையகம் நிரப்பியது. திரும்பும் வழியில் ஹட்டன் பக்கம் மருமகளின் தோழி வீட்டில் ஓர் இரவு தங்கினோம். தோட்டக் குடியிருப்பு வரிசையை அங்கே லயம் என்கிறார்கள். மூணாறிலும் அதே சொல்தான். சங்கீதத்தில் லயம் என்பது காலத்தின் நடை, தேயிலைக் காட்டில் அது பத்தடி அறை. அந்த அறையின் வாசலில் ஒரு பெரியவர் தப்பைக் காய்ச்சி அடித்துக் காட்டினார். விடியற்காலையில் வேலைக்குக் கூப்பிட அடித்த பிரட்டுத் தப்பு முதலில், பிறகு மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு அடிப்பது, கடைசியில் பொன்னர் சங்கருக்கு. கடைசி அடியில் நான் எழுந்துவிட்டேன். எங்கள் அண்ணன்மார் அல்லவா! படுகளத்தில் அவர்கள் விழும் இடத்தை அவரும் என் பாட்டியும் ஒரே மாதிரி விம்மிச் சொன்னார்கள். பெரியவர் இராகத்தின் பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆறேழு தலைமுறைக்கு முன் கடல் கடந்து போனவர்கள் கொண்டுபோனது பத்திரமாக இருந்தது. ஒன்பது நாள் பயணத்தில் அந்த இரவுதான் எனக்கு ஊர்போல இருந்தது. இலங்கை என்று நான் எழுதும்போது எந்த இலங்கை என்று யாராவது கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான்.

விடைபெறும்போது மாஸ்டர் என் கையில் ஒரு பழைய ஒலிநாடாவைக் கொடுத்தார். தெட்சணாமூர்த்தியின் தவில். "கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ, தம்பி" என்றார். பொள்ளாச்சியில் ஒரு கடையில் கொடுத்துக் கைபேசிக்கு மாற்றிக்கொண்டேன். இரவில் மாடியில் படுத்துக் கேட்கிறேன். தவில் வாசிப்பு ஒரு சுற்று முடிந்து திரும்பும் இடத்தில், அன்று கோயிலில் மாஸ்டரின் உள்ளங்கை தொடையில் விழுந்தது. எனக்கு முன்னால் இருந்த பையனின் கையும் அதே நொடியில் விழுந்தது. என் கை இன்னும் ஒரு நொடி பிந்தித்தான் விழுகிறது. நேற்றும் கேட்டேன்.