கொஹிமா மலையில் கவிதையும் கல்லும்

யுத்த நினைவுச்சின்னத்தையும் ஓர் இலக்கியப் பிரதியைப் போல வாசிக்கலாம். அதிலே பேசுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார், யாரைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று கேட்டுப் பார்க்கலாம். இந்தியாவின் நாகாலாந்திலுள்ள கொஹிமா யுத்த மயானத்தை இப்படி வாசித்தபோது, அங்குள்ள புகழ்பெற்ற கவிதையைவிடக் கற்களே எனக்குப் பெரிதாகத் தெரிந்தன.

1944 ஏப்ரல் 4 இல் அந்த மலை ஊரில் யப்பானியப் படைக்கும் பிரித்தானிய இந்தியப் படைக்கும் சண்டை தொடங்கியது. யூன் 22 இல்தான் இம்பால் பாதை மீண்டும் திறந்தது. ஆணையாளரின் பங்களாவும் அதன் டெனிஸ் மைதானமும் போர்க்களமாயின. மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் மற்றது, நடுவிலே கைக்குண்டுகள். இன்று அதே சரிவில், படிப்படியாக வெட்டிய தளங்களில் 1,420 கல்லறைகள் இருக்கின்றன. மைதானத்தின் கோடுகளையும் வெள்ளைச் சீமெந்தால் அடையாளப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

பிரித்தானிய 2 ஆம் டிவிஷனின் நினைவுக்கல்லில் இருக்கும் கவிதைதான் உலகறிந்தது. ஜோன் மக்ஸ்வெல் எட்மண்ட்ஸ் எழுதியதாகக் கருதப்படும் அது, முதலாம் உலக யுத்தக் காலத்தது. இறந்தவர்கள் ஊர் திரும்பும் தோழரிடம் செய்தி சொல்லி அனுப்புவதாக அமைந்தது. சுருக்கமானது, மனதைத் தொடுவது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாருடைய ஊர்? கடல் கடந்து வந்தவனுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு தூரத்தில் இருக்கிறது. இதை வகுப்பில் விளக்கியபோது ஒரு பிள்ளை கேட்டாள்: "அங்கயே ஊடுள்ள ஆக்களுக்கு ஆரு சேர் சொல்ற?" விமர்சனம் என்றால் இதுதான் விமர்சனம்.

கவிதை எல்லா மையித்துக்கும் ஒரே குரலைக் கொடுக்கிறது. மயானமோ ஒவ்வொருவரையும் அவரவர் வழியில் நடத்துகிறது. முஸ்லிம் வீரர்கள் அங்கே அடக்கப்பட்டிருக்கிறார்கள். தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் தனி நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆளும் ஏகாதிபத்தியத்தின் படை அது. அதன் நியாயங்களை நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனாலும் செத்தவனின் மார்க்கம் என்ன கேட்கிறது என்று அந்த யுத்தத்துக்கு நடுவிலும் பார்த்திருக்கிறார்கள். 2020 இல் இந்த நாட்டில் கொவிட் என்று சொல்லி எங்கள் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில் அனுமதி கிடைத்த பிறகுதான் ஓட்டமாவடி மண்ணில் அடக்க முடிந்தது. அதைக் கண்ட நமக்கு, கப்று வேறு, தகனம் வேறு என்று பிரித்துக் காட்டும் அந்தச் சரிவின் அருமை விளங்கும்.

ஆனால் கற்களும் முழுதாகப் பேசவில்லை. கவிதை பொறித்த அந்த நெடுங்கல், நாகர்கள் நாட்டும் கற்களின் வடிவத்தை ஒத்தது. விருந்து கொடுத்து, ஊர் கூடிக் கல்லிழுத்து நாட்டுவது அங்காமி நாகரின் பழைய வழக்கம். தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் காட்சி முதல் வாழ்த்து வரையான ஆறு படிகளைப் படித்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கல்லைத் தேடுவது, கொண்டுவருவது, நாட்டுவது எல்லாம் சேர்ந்ததே மரியாதை. கொஹிமாவில் வடிவம் நாகருடையது, வாசகம் இன்னொருவருடையது. அந்தச் சண்டையில் சுமை தூக்கியவர்கள், வழி காட்டியவர்கள், காயப்பட்டவர்களைச் சுமந்தவர்கள் நாகர்கள். தரைமட்டமானதும் அவர்களுடைய ஊர்தான். படைவீரருக்கான மயானம் என்பதால் குண்டுக்கு இரையான ஊர்மக்களுக்கு அங்கே இடமில்லை. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். வாசகனுக்கு அந்த இடம் வெறுமையாகவே தெரியும்.

எங்கள் நாட்டிலும் முப்பது வருட யுத்தத்துக்குப் பிறகு தூபிகள் எழும்பியிருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் நிற்கும்போது வீரத்தைப் புகழும் வரிகளை வாசிப்பதோடு நின்றுவிட வேண்டாம். யுத்தம் நடந்த மண்ணிலேயே வீடு வைத்திருந்தவர்களுக்கு அங்கே ஒரு வரியாவது உண்டா என்றும் தேடிப் பாருங்கள்.